பொன்னியின் செல்வன்: தீராத வாசக வழக்கு

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நல்ல நாவலா? 1950 அக்டோபரில் ‘கல்கி’ இதழில் தொடங்கி 1954 மே மாதத்தில் முடிந்த தொடர் அது. அன்று முதல் இந்தக் கேள்வியும் ஓயவில்லை. தமிழில் இதற்கு இணை இல்லை என்பார் ஒருவர். இதை நாவல் என்பதே தவறு என்பார் இன்னொருவர். சோழர் வரலாற்றை இதில்தான் கற்றேன் என்று பெருமைப்படுபவர் உண்டு; கற்றது பிழை என்று கல்வெட்டைக் காட்டி அவரை மடக்குபவரும் உண்டு. ஐந்து பாகங்கள், அச்சில் இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல். இவ்வளவு பெரிய நூலை விரும்பாதவர்களும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் குறை சொல்கிறார்கள் என்பது இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய முதல் செய்தி.

இந்தக் கட்டுரை அந்த விடைகளை அவை பிறந்த காலத்தோடு சேர்த்துப் பார்க்கிறது. பார்க்கும் இடம் காவிரிக்கரையும் சென்னையும் அல்ல, புதுச்சேரியின் தென்கோடி. பெண்ணையாற்றுப் பக்கம் உள்ள கரையாம்புத்தூரும் அதைச் சுற்றிய பாகூர் வட்டாரமும் தொடர் வெளிவந்த காலத்தில் பிரெஞ்சிந்தியாவில் இருந்தன. 1954 மார்ச் கடைசியில் பக்கத்து நெட்டப்பாக்கத்தில் விடுதலைக் கொடி ஏறியபோது கதை ஐந்தாம் பாகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. டிசம்பர் 5ஆம் தேதி கல்கி இறந்தார். கதை நடந்த பத்தாம் நூற்றாண்டிலும் இந்த நிலம் சோழ நாட்டின் எல்லைப்புறம்தான். மையத்தில் கண்ணில் படாத சில சங்கதிகள் விளிம்பில் நின்றால் தெரியக்கூடும்.

வாரம் காத்திருந்தவர்கள்

முதல் விடையைச் சொன்னவர்கள் விமர்சகர்கள் அல்லர், சந்தாதாரர்கள். வாராவாரம் மூன்றரை ஆண்டுகள் படித்தவர்கள். மணியத்தின் ஓவியங்களோடு பக்கங்களைக் கத்தரித்து வீட்டிலேயே தைத்து பைண்டு செய்து வைத்தவர்கள். அவர்கள் தரப்பில் எழுத்து வடிவிலான விமர்சனம் குறைவு. அந்த பைண்டு வால்யூம்களே சாட்சி. எழுத்தறிந்தவர் ஒருவர் உரக்கப் படிக்க வீட்டார் கேட்ட வழக்கமும் பரவலாக இருந்தது. கல்கியின் உரைநடை அதற்கு ஏற்றது. வாசகரைப் பெயர் சொல்லாத குறையாக அழைத்து, போன வாரம் விட்ட இடத்தை நினைவூட்டி, குதிரையையும் ஓடத்தையும் காட்டி நகரும் நடை அது.

இந்தத் தரப்பின் பலவீனம் அதன் அன்பிலேயே இருக்கிறது. கதாநாயகன் வந்தியத்தேவனோடு வளர்ந்தவரால் வந்தியத்தேவனை மதிப்பிட முடிவதில்லை. ஆனாலும் இவர்களை வெறும் ரசிகர்கள் என்று தள்ளவும் இயலாது. தொடர் முடிந்ததும் மிகக் கடுமையாகக் குறைப்பட்டவர்கள் இவர்களே. கதை சட்டென்று முடிந்துவிட்டது, இன்னார் என்ன ஆனார் என்று சொல்லவில்லை என்று எழுதிக் கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி அவர்களுக்குப் பதில் சொல்ல நேர்ந்தது. சிலவற்றை விளக்கினார், சிலவற்றை வரலாற்றின் பொறுப்பில் விட்டார், மிச்சத்தைப் பின்வரும் எழுத்தாளர்கள் எழுதட்டும் என்றார். நூலின் வடிவம் பற்றிய முதல் விவாதம் இதுதான். அதைத் தொடங்கி வைத்தது வார வாசகர்கள்.

சிறுபத்திரிகையின் தீர்ப்பு

‘மணிக்கொடி’ இதழின் மரபிலிருந்து வந்த எதிர்ப்பைப் பேசும்போது ஒரு கால மயக்கம் அடிக்கடி நேர்கிறது. புதுமைப்பித்தன் கல்கியோடு மோதியது உண்மை. தழுவல் பற்றிய அந்தச் சண்டை சூடானதும் உண்மை. ஆனால் புதுமைப்பித்தன் 1948இல் இறந்துவிட்டார். பொன்னியின் செல்வனை அவர் கண்ணால் பார்க்கவில்லை. முந்தைய கல்கி மீது வைத்த குற்றச்சாட்டைப் பிந்தைய நூலின் மேல் அப்படியே ஏற்றுவது நியாயமல்ல.

இந்நாவலைத் தாக்கிய சிறுபத்திரிகைக் குரல் வலுத்தது கல்கி இறந்த பிறகு. சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ 1959இலும் க.நா.சு.வின் ‘இலக்கிய வட்டம்’ 1963இலும் வந்தன. தன்மேல் சுமத்தப்பட்டதற்கு ஆசிரியர் பதில் சொல்ல வழியில்லாத நிலையில்தான் விசாரணை நடந்தது. அத்தரப்பின் வாதத்தை இப்படிச் சுருக்கலாம்: நாவல் மனிதனின் உள்ளே போக வேண்டும், கல்கி வெளியே நடக்கும் சாகசத்தோடு நின்றுவிடுகிறார், அவருடைய பெருவெற்றி வாசகரின் ருசியைத் தேங்க வைத்தது. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) நாவலில், தமிழ் எழுத்தாளரைப் பார்த்த ஜே.ஜே. முதல் வேலையாகச் சிவகாமியின் சபதம் என்னவாயிற்று என்று விசாரிக்கும் இடத்தைப் படித்துச் சிரிக்காத இலக்கிய வாசகர் இருக்க முடியாது. கேலி கல்கியின் முந்தைய நாவலான ‘சிவகாமியின் சபத’த்தைக் குறித்தது. அடி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

பிற்பாடு ஜெயமோகன் ஓர் இடைவழி கண்டார். வரலாற்று மிகுகற்பனை என்று தனி வகை பிரித்து, அதற்குள் பொன்னியின் செல்வனுக்கு உயர்ந்த இடம் கொடுத்தார். சண்டையை ஓரளவு தணித்த ஏற்பாடு இது, உதவியாகவும் இருக்கிறது. ஆயினும் கேள்வியைத் தீர்த்ததா என்றால் சந்தேகம். தனி அறை ஒதுக்கி உபசரித்த பிறகும் விருந்தாளி கூடத்துக்கு உரியவர்தானா என்ற கேள்வி நிற்கிறது.

இத்தரப்பின் பெரிய குறை, அளவுகோலைச் சொன்ன அளவுக்கு நூலைப் படித்துக் காட்டவில்லை என்பது. எந்த அத்தியாயம் எங்கே சரிகிறது, வாரத் தொடரின் நிர்ப்பந்தம் எந்தப் பாத்திரத்தைக் கெடுத்தது என்ற நுண்விசாரணை அபூர்வம். நான்காம் பாகத்தில் கடம்பூர் மாளிகைக்குள் கதை பல அத்தியாயங்கள் சுற்றிச் சுற்றி வருவதை, அத்தரப்பைவிடக் கல்கி ரசிகர்கள் துல்லியமாகச் சொல்வார்கள்.

கல்வெட்டைக் காட்டுகிறவர்கள்

மூன்றாவது தரப்புக்கு நாவலின் தரம் பொருட்டல்ல. உண்மையா என்பதே பொருட்டு. இங்கே விஷயம் செழிப்பானது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கல்கியின் மேசையில் இருந்த நூல்கள் தெரிந்தவையே. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1930களில் ஆங்கிலத்தில் வந்தது. தி.வை. சதாசிவப் பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் வரலாறு’ முதல் பகுதி 1949இல், அதாவது தொடர் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டில் வந்தது. சுந்தர சோழர், அவர் மக்களான ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி (பின்னாள் இராசராசன்), செம்பியன் மாதேவி, பழுவேட்டரையர் எல்லாம் சான்று உள்ளவர்கள். வந்தியத்தேவன் பெயர்கூடத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வருகிறது. பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், மணிமேகலை கற்பனை. இவ்வளவில் சிக்கலில்லை.

சிக்கல் கரிகாலன் கொலையில் தொடங்குகிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரத்தில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரையும் அவர்களுடைய உறவினரையும் குறித்து, அவர்கள் நிலம் பறிமுதலாகி விற்பனைக்கு வந்ததை அது பேசுகிறது. கொலை நடந்தது 969ஐ ஒட்டி. இடையில் செம்பியன் மாதேவியின் மகன் உத்தம சோழன் சுமார் பதினைந்து ஆண்டுகள் ஆண்டிருக்கிறான். அந்தக் காலமெல்லாம் குற்றவாளிகள் ஏன் தண்டிக்கப்படவில்லை? உத்தமனுக்கும் பங்குண்டு என்பதே நீலகண்ட சாஸ்திரியின் ஊகம். பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. கல்வெட்டு சொல்வது நில விற்பனையின் காலத்தை, தண்டனையின் காலத்தை அல்ல என்ற மறுப்பைக் குடவாயில் பாலசுப்பிரமணியன் வைத்தார். அருள்மொழி தானாக விலகி அரியணையை உத்தமனுக்கு விட்டதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

நாவலாசிரியர் இந்த முடிச்சை என்ன செய்தார்? இரண்டு காரியம் செய்தார். கொலையை இருட்டில் நடத்தினார். பெரிய பழுவேட்டரையர் தன் கையே காரணம் என்கிறார், பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது, நந்தினியும் ரவிதாசன் கூட்டமும் அதே அறையைச் சுற்றி நிற்கிறார்கள். இரண்டாவது, உத்தமனையே மாற்றிவிட்டார். நாவலில் உத்தமனின் இடத்தில் அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் பிள்ளையே அல்ல. உண்மையான பிள்ளை தஞ்சையில் பூத்தொண்டு செய்து திரிந்த சேந்தன் அமுதன். சாஸ்திரி சந்தேகித்த உத்தமனைக் கல்கி இப்படிக் குற்றத்திலிருந்து முழுக்க விடுவிக்கிறார். அருள்மொழியின் தியாகமும் கறைபடாமல் தப்புகிறது, ஏனெனில் அது சூதுக்காரனுக்குக் கொடுத்ததாக இல்லாமல் சாதுவுக்குக் கொடுத்ததாகிறது.

ஆகவே இத்தரப்பு நூலைப் பிழை கணக்கெடுக்கும்போது ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறது. கல்கி வரலாறு தெரியாமல் மாற்றவில்லை. இரண்டு வரலாற்றாசிரியர்களின் சண்டையைத் தெரிந்தே ஒரு பக்கம் தீர்த்தார். என் பார்வையில் நூலின் மிகப் பெரிய பலவீனமும் இங்கேதான். பிழை இருக்கிறது என்பதல்ல குறை. அதிகாரத்துக்காக ஒரு குடும்பத்துக்குள் கொலை நடந்திருக்கக்கூடும் என்ற கடுமையான சாத்தியத்தின் வாசல்வரை போய், ஆள்மாறாட்டத்தின் வழியே கதை வெளியேறிவிடுகிறது. அதே சமயம், கொன்றது யார் என்ற கேள்வியை அவர் மூடாமல் விட்டதால்தான் இன்றும் வாசகர் கட்சி பிரிந்து வாதாடுகிறார்கள். குறையே ஆயுளையும் கொடுத்திருக்கிறது.

நிலம் யாருடையது?

இடதுசாரி வாசிப்பும் பின்னர் வந்த தலித்திய வாசிப்பும் வேறு கேள்வி கேட்டன. அரண்மனைக்கு வெளியே இருந்தவர்கள் எங்கே? ஏரி வெட்டியவர், வரி கட்டியவர், நிலமிழந்தவர் ஏன் கதையில் இல்லை? இராசராசன் காலத்தை நிலம் பறிபோன காலம் என்று இயக்குநர் பா. இரஞ்சித் 2019இல் பேசியதும், அதற்காக அவர்மேல் வழக்குப் பதிவானதும் இந்தக் கேள்வியை வாசகசாலைக்கு வெளியே கொண்டுவந்தன. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு ஆகியோரின் ஆய்வுகளைப் பார்த்தால், சோழர் கால நிலவுடைமை பகுதிக்குப் பகுதி, நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறியது தெரிகிறது. ஒரே வாக்கியத்தில் பொற்காலம் என்பதற்கும் இருண்ட காலம் என்பதற்கும் அந்தத் தரவுகள் இடம் தருவதில்லை.

பாகூரிலிருந்து பார்த்தால் இந்த வாதத்துக்குச் சதை பிடிக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு, இங்கிருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த பின் இந்தப் பக்கம் இராட்டிரகூடர் கைக்குப் போனது. பாகூர் மூலநாதர் கோயிலில் இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன் பெயரால் கல்வெட்டுகள் உள்ளன. பிறகுதான் சோழர் திரும்பினார்கள். அரசர் பெயர் மாற மாற ஊர்ச் சபையின் நிலக்கணக்கு மட்டும் தொடர்ந்து எழுதப்பட்டது. பாகூர் சு. குப்புசாமி தொகுத்து, கோ. விஜயவேணுகோபால் பதிப்பித்து 2006இல் வெளியான புதுச்சேரிக் கல்வெட்டுகளைப் புரட்டினால் அந்த உலகம் விரிகிறது. தானம், விளக்கு, ஆடு, நெல், ஏரி. சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்குத் தண்ணீர் போவதைத் தினமும் பார்க்கிற வாசகருக்கு, வீரநாராயண ஏரியின் ஆடிப்பெருக்கோடு தொடங்கும் நாவலில் மதகு திறப்பவன் ஒருவனும் பாத்திரமாக இல்லை என்பது உறுத்தலாம்.

கல்கியின் ஆதரவாளர் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்: ஓடக்காரப் பெண் பூங்குழலியும் பூப்பறிக்கும் அமுதனும் வாய்பேசாத மந்தாகினியும் கதையின் நடுவில் நிற்கிறார்களே? நிற்கிறார்கள்தான். ஆனால் பூப்பறிப்பவன் அரியணை ஏறுவது அரச வித்து என்பதால். ஓடம் விட்டவள் அரசியாவது அவனை மணந்ததால். பிறப்பு இங்கே ஒருபோதும் தோற்பதில்லை. இதற்குச் சரியான மறுமொழியை நான் இதுவரை படித்ததில்லை.

இத்தரப்புக்கும் ஒரு மறதி உண்டு. கல்கி விடுதலைப் போரில் சிறை சென்றவர், ராஜாஜியின் அணியில் நின்ற காங்கிரஸ்காரர். குடியரசான ஆண்டில் அவர் எழுதத் தொடங்கிய கதை, பதவியைப் பிடிப்பதைவிட விடுவதை உச்சமாக வைத்தது. கடைசி பாகத்தின் பெயரே ‘தியாக சிகரம்’. அரசரைப் புகழ்ந்தார் என்பதோடு நிறுத்தினால், அந்த ஆண்டுகளின் அமைச்சர் பதவிச் சண்டைகளுக்கு நடுவே அது எப்படி வாசிக்கப்பட்டிருக்கும் என்பது விடுபட்டுப் போகிறது.

நந்தினி கட்சி

பெண் வாசகர்களிடையே, குறிப்பாக அண்மைக் காலத்தில், அனுதாபம் குந்தவையிடமிருந்து நந்தினிக்கு நகர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. ஆளும் குடும்பத்து இளவரசி திட்டமிட்டால் அது ராஜதந்திரம், ஊர்பேர் தெரியாதவள் திட்டமிட்டால் சூழ்ச்சி என்று நூல் பேதம் காட்டுவதை அவர்கள் சுட்டுகிறார்கள். நியாயமான பார்வை. ஆனால் நந்தினிக்கு இவ்வளவு வாதாட இடம் தந்ததும் அதே எழுத்துத்தான்.

திரைக்குப் பின், கடலுக்கு அப்பால்

எம்.ஜி.ஆர். 1958இல் எடுக்க நினைத்துக் கைவிட்ட படம், மணிரத்னம் இயக்கத்தில் 2022 செப்டம்பர் 30இலும் 2023 ஏப்ரல் 28இலும் இரு பகுதிகளாக வந்தது. அதற்கு முன்பே 1999இல் மேஜிக் லாண்டர்ன் குழு இதை மேடையேற்றியிருந்தது. அதே ஆண்டு கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாகி, மலிவுப் பதிப்புகள் பெருகின. படத்தில் ஆள்மாறாட்டம் இல்லை, மதுராந்தகனே முடிசூடுகிறான், மணிமேகலை இல்லை. பழைய வாசகர் பலர் வருந்தினார்கள். ஆனால் வரலாற்றுக் கண்ணால் பார்த்தால், அந்த ஒரு விஷயத்தில் படம் கல்வெட்டுக்கு நாவலைவிட நெருக்கம். முதல் பகுதி வந்த கையோடு, 2022 அக்டோபரில், இராசராசனின் சமய அடையாளம் பற்றி வெற்றிமாறன் பேசியதால் எழுந்த சர்ச்சை வேறு வகை. அது நூலைப் பற்றியது அன்று, நூல் உண்டாக்கிய நினைவைப் பற்றியது.

இது தமிழுக்கு மட்டும் வந்த வழக்கு அல்ல. பொன்னியின் செல்வன் முடிந்த அதே 1954இல், ஜூலை மாதம், டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதல் பகுதி இங்கிலாந்தில் வந்தது. கவிஞர் ஆடன் போற்றினார். விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1956இல் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று கிழித்தார். 1997இல் பிரிட்டிஷ் வாசகர்கள் அதை நூற்றாண்டின் நூலாகத் தேர்ந்தபோது அறிவுஜீவிகள் முகம் சுளித்தார்கள். அங்கும் அரச குலம் திரும்பிவந்து அரியணை ஏறுவதே முடிவு. அங்கும் அதே புகார். வேறுபாடு ஒன்று: டோல்கீனின் நாட்டை நிலப்படத்தில் தேட முடியாது. கல்கியின் கடம்பூருக்கும் பழையாறைக்கும் பேருந்து போகிறது. அதனால்தான் உண்மையா என்ற கேள்வி இங்கே மட்டும் இவ்வளவு உக்கிரமாகிறது.

பாரதம் கேட்ட காது

அச்சுக்கு முந்தைய ஓர் அளவுகோலை இந்த விவாதம் பெரும்பாலும் கணக்கில் கொள்ளவில்லை. தென்னார்க்காட்டிலும் புதுச்சேரிக் கிராமங்களிலும் திரௌபதியம்மன் திருவிழாவில் பகலில் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார்கள், இரவில் கூத்து நடக்கும், கடைசியில் படுகளமும் தீமிதியும். முடிவு தெரிந்த கதையை ஆண்டுக்காண்டு கேட்கிறார்கள். கர்ணன் சாகும் இரவில் கூட்டம் பாண்டவர் பக்கம் நிற்பதில்லை. துரியோதனனுக்குக் களத்தில் மண்ணுருவம் செய்து, அவனுக்காக ஒப்பாரியும் வைக்கிறார்கள். நடந்ததா என்றோ, பாத்திரத்தின் உள்ளம் போதுமான அளவு ஆராயப்பட்டதா என்றோ அங்கே யாரும் கேட்பதில்லை. எதிரிக்கும் அழ இடம் தருகிறதா, திரும்பச் சொன்னால் தாங்குகிறதா என்பதே பரீட்சை.

இந்தப் பரீட்சையை வைத்துப் பார்த்தால் பொன்னியின் செல்வனுக்குக் கலப்பான மதிப்பெண் கிடைக்கும். திரும்பச் சொல்லத் தாங்குகிறது. மேடை, படக்கதை, ஒலிநூல், திரை என்று அதைக் காட்டியாகிவிட்டது. பெரிய பழுவேட்டரையருக்காக வாசகர் கலங்குகிறார்கள். ஆனால் கரிகாலன் தலைகொண்ட வீரபாண்டியனின் ஆபத்துதவிகளுக்கு, அதாவது ரவிதாசன் கூட்டத்துக்கு, அழ இடம் போதவில்லை. தலையிழந்த அரசனுக்காகப் பழிவாங்கத் துடிக்கும் அவர்கள், கல்கியிடம் கடைசிவரை காட்டுக்குள் பதுங்கும் சதிகாரர்களாகவே இருக்கிறார்கள். கூத்து மேடையில் அவர்களுக்கு ஓர் இரவு கிடைத்திருக்கும்.

தீராதவை

உடையார்குடிக் கல்வெட்டுக்கு மேல் புதிய சான்று கிடைக்காதவரை கொலை வழக்கு முடியாது. ஊகங்கள் ஒன்றையொன்று சமன் செய்தபடி இருக்கும். இலக்கியத் தகுதி பற்றிய வழக்கில் ஓரளவு இணக்கம் வந்திருக்கிறது. கற்பனைக் கதையாக உயர்ந்தது, நாவலாக ஆழம் குறைந்தது என்பதைப் பல தரப்பினரும் இப்போது வேறு வேறு சொற்களில் ஒப்புகிறார்கள். நிலம் பற்றிய குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது.

கல்கி முடிவுரையில் திறந்து வைத்த வாசல் வழியே பலர் போனார்கள். விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ அதே பாத்திரங்களைத் தொடர்ந்தது. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ அடுத்த தலைமுறையை எடுத்தது. பாலகுமாரனின் ‘உடையார்’ பெரிய கோயில் எழும்பியதை, அதாவது கல்லையும் தச்சரையும் உழைப்பையும் கதைக்குள் கொண்டுவந்தது. இவற்றைத் தொடர்ச்சி என்று மட்டும் எண்ணுவதா, மூல நூலின் இடைவெளிகளைக் குறிக்கும் விமர்சனமாகவும் படிப்பதா என்பதில் ஆய்வாளர் இன்னும் போதிய கவனம் செலுத்தவில்லை. அதேபோல, பக்கத்தைத் தைத்து வைத்தவர்களின் கருத்து கடிதமாகவும் நினைவுக்குறிப்பாகவும் ஓரளவு பதிவாகியிருக்கிறது. படிக்கத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் எந்த இடத்தில் சலித்தார்கள், யாருக்காக வருந்தினார்கள் என்பது வேறு கணக்கு. அப்படிக் கேட்டவர்களில் எண்பது, தொண்ணூறு வயதில் இருப்பவர்களிடம் இன்றும் கேட்டுப் பதிவு செய்யலாம்.